நோயாளிக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை? மார்பகப் புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவள். கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன், ஹெர்செப்டின் என்ற மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பதும், சிகிச்சைக்கு வரும் பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் ஃபைலில் இருப்பதைப் புரியும்படி சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. இங்கே படித்ததை வைத்து மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ செய்யாதீர்கள். அதை உங்கள் டாக்டரிடம் பேசித்தான் செய்ய வேண்டும்.

டாக்டர்கள் இருக்கிறார்கள், விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நோயாளிக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை?

விடையைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானியின் வேலைதான். ஆனால் எந்தக் கேள்விக்கு விடை தேடுவது, என்ன கிடைத்தால் வெற்றி என்று சொல்வது, இதையெல்லாம் தீர்மானிக்கும்போது உடம்பைக் கொடுக்கிறவளும் அங்கே இருக்க வேண்டும்.

வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1880களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். மார்பகத்தோடு அதன் அடியில் இருக்கும் தசை, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவது. ஆபரேஷன் முடிந்த பெண்ணுக்கு நெஞ்சு குழிந்துபோகும், கை வீங்கும், தலைவாரக் கையைத் தூக்க முடியாது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இதுதான் நடந்தது. இவ்வளவையும் எடுத்தால்தான் பிழைப்பாளா என்று முறையாகச் சோதித்துப் பார்க்கப் பெரும்பாலான மருத்துவர்களுக்குத் தோன்றவில்லை. பெர்னார்ட் ஃபிஷர் என்ற இன்னொரு அறுவை மருத்துவர்தான் சக மருத்துவர்களின் எதிர்ப்பையும் மீறி 1971லும் 1976லும் இரண்டு பெரிய ஆய்வுகளைத் தொடங்கினார். இரண்டாவது ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்கப்பட்டவர்களையும், மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களையும் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசமே இல்லை.

இதே காலத்தில் இன்னொரு சண்டையும் நடந்தது. அப்போதெல்லாம் மயக்க மருந்து கொடுத்து பயாப்ஸி (கட்டியிலிருந்து திசுவை எடுத்துச் சோதிப்பது) எடுப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தையும் எடுத்துவிடுவார்கள். மார்பகம் இருக்கிறதா போய்விட்டதா என்பது கண் விழித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கே தெரியும். 1974ல் மேரிலாந்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் தன் கட்டிக்கு இப்படிச் செய்ய விடமாட்டேன் என்றார். முதலில் பயாப்ஸி, ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் நான் முடிவு செய்கிறேன் என்பது அவர் வாதம். அதோடு விடாமல் எழுதினார், கூட்டங்களில் எழுந்து கேட்டார், மருத்துவர்களிடம் திட்டு வாங்கினார். 1979ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவருக்கும் இடம் கிடைத்தது. பயாப்ஸியையும் ஆபரேஷனையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. இன்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் நாலு பேரிடம் பேசி, இன்னொரு டாக்டரிடமும் காட்டி, பிறகு ஆபரேஷனுக்குத் தேதி வாங்குகிறோம். அந்த இடைவெளியைச் சும்மா யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

இது ஒரு இயக்கமாக மாறியது எப்போது?

1991ல், அமெரிக்காவில். அதற்கு முன் ஆதரவுக் குழுக்கள் இருந்தன. ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்வது, விக் எங்கே கிடைக்கும் என்று சொல்வது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் 1980களின் கடைசியில் எய்ட்ஸ் நோயாளிகள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் வாசலிலேயே மறியல் செய்து விதிகளை மாற்ற வைத்ததை மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல அமைப்புகள் சேர்ந்து தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டமைப்பைத் தொடங்கின. முதல் தலைவர் ஃபிரான் விஸ்கோ. பிலடெல்பியாவில் வழக்கறிஞர், அவருக்கும் இந்த நோய் வந்திருந்தது.

அந்த ஆண்டு அமெரிக்காவில் 1,75,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வரும் என்று கணக்கு. ஆளுக்கு ஒன்றாக அத்தனை கடிதங்களை வாஷிங்டனுக்கு அனுப்புவோம் என்று கூட்டமைப்பு இறங்கியது. வந்து குவிந்தவை சுமார் 6 லட்சம். மறு ஆண்டு விஞ்ஞானிகளையே கூப்பிட்டு வைத்து, எந்தெந்த ஆய்வுக்கு எவ்வளவு தேவை என்று கேட்டுக் கணக்குப் போட்டு, கூடுதலாக 30 கோடி டாலர் வேண்டும் என்று நாடாளுமன்றத்திடம் கேட்டார்கள்.

பணம் கிடைத்த விதம்தான் வேடிக்கை. பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியதை எடுத்து சுகாதாரத்துக்குக் கொடுக்க அப்போதைய பட்ஜெட் சட்டம் இடம் தரவில்லை. சரி, பாதுகாப்புத் துறைக்குள்ளேயே செலவு செய்தால் போயிற்று என்று செனட்டர் டாம் ஹார்கின் வழி கண்டுபிடித்தார். இராணுவத்தின் கணக்கில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 21 கோடி டாலர் வந்தது. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. இதுவரை 400 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. 1995 முதல் அந்தத் திட்டத்தில் எந்த ஆய்வுக்குப் பணம் கொடுக்கலாம் என்று மதிப்பிடும் குழுக்களில் நோயாளிகளும் உட்காருகிறார்கள். பார்வையாளராக இல்லை. விஞ்ஞானிக்கு இருக்கும் அதே மதிப்பெண், அதே ஓட்டு அவர்களுக்கும் உண்டு.

அறிவியல் படிக்காதவர் அந்தக் குழுவில் என்ன பேச முடியும்?

கொஞ்சம் படித்துக்கொண்டு போக வேண்டும். அதற்காகவே கூட்டமைப்பு 1990களின் நடுவில் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கியது. செல் உயிரியல், மரபணு, புள்ளியியல் எல்லாம் நோயாளிகளுக்குச் சொல்லித் தந்தார்கள். விஞ்ஞானியாக ஆவதற்கு இல்லை, விஞ்ஞானி பேசும்போது மிரளாமல் இருப்பதற்கு.

ஆனால் படிப்பால் வராத ஒன்று நோயாளியிடம் இருக்கிறது. கேப்சிடாபின் என்ற கீமோ மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 14 நாள் போட்டு 7 நாள் நிறுத்துவார்கள். இதில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். ஆய்வுத் தாளில் இதற்கு 'இரண்டாம் நிலைப் பக்கவிளைவு' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். வீட்டில் அதற்கு என்ன பொருள்? சூடான தோசைக்கல் பக்கம் போக முடியாது. புளி கரைக்க முடியாது. ஜாக்கெட் கொக்கி மாட்ட இன்னொரு ஆள் வேண்டும். சிலருக்கு விரல் ரேகையே அழிந்துபோகும். ரேஷன் கடைக் கருவியில் விரலை வைத்தால் ஏற்காது, ஆதாருக்கும் அதே தொல்லை. இந்த மருந்து எடுத்துக்கொண்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கைரேகை இல்லாததால் அமெரிக்க விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டது மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது.

இப்படிப்பட்டவர்கள் கேட்ட கேள்வி: இவ்வளவு டோஸ் எதற்கு? பழைய கீமோக்களின் காலத்தில் உடம்பு தாங்கும் உச்ச அளவைக் கண்டுபிடித்து அதையே கொடுப்பது வழக்கம். நோய் பரவிய நிலையில் ஆண்டுக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியவர்களுக்கும் அதே கணக்குதான். அமெரிக்காவில் அப்படி நோய் பரவிய பெண்களே டோஸ் பற்றி ஒரு குழு தொடங்கிக் குரல் கொடுத்தார்கள். 2021ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் புற்றுநோய் மருந்துகளின் டோஸை முடிவு செய்யும் முறையை மாற்றத் திட்டம் தொடங்கியது. கேப்சிடாபினையே 7 நாள் போட்டு 7 நாள் நிறுத்தி, அளவையும் குறைத்துப் பார்த்த ஒரு ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. கை கால் எரிச்சல் நன்றாகக் குறைந்தது, நோயைக் கட்டுப்படுத்துவதில் பின்தங்கியதாகத் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் டாக்டரிடம் எடுத்துப் பேசத் தகுந்தது.

இன்னொன்று. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈதன் பாஷ் குழுவினர் பல வகைப் புற்றுநோய் பரவிய 766 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினர் வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்றவற்றைக் கணினி வழியாகத் தாங்களே தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017ல் வந்த முடிவில், தாங்களே தெரிவித்தவர்கள் சராசரியாக 31 மாதமும் மற்றவர்கள் 26 மாதமும் உயிரோடு இருந்தார்கள். புது மருந்து எதுவும் கிடையாது. நோயாளி சொன்னதை உடனே காதில் வாங்கினார்கள், அவ்வளவுதான். 'கீமோன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்று உங்களிடம் யாராவது சொன்னால் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிக்காகப் போராடுவது என்றால் புது மருந்தைச் சீக்கிரம் கொடு என்று கேட்பதுதானே?

பாதி சரி. மீதிப் பாதியில்தான் நிறையப் பேர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

ஹெர்செப்டினை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை. வேகமாகப் பரவும். டென்னிஸ் ஸ்லாமனும் கூட இருந்தவர்களும் 1987ல் இதைக் காட்டினார்கள். அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் மருந்தை ஜெனென்டெக் நிறுவனம் தயாரித்தது. ஆய்வு முடியும்வரை வெளியே யாருக்கும் கிடைக்காது. 1994 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ பகுதிச் செயற்பாட்டாளர்கள், மருந்து கேட்டும் கிடைக்காமல் இறந்துபோன ஒரு பெண்ணுக்காகக் கார்களில் இறுதி ஊர்வலம் போல நிறுவனத்துக்குள்ளேயே போனார்கள். அடுத்த ஆண்டு நிறுவனம் குலுக்கல் முறையில் கொஞ்சம் பேருக்கு மருந்து தர ஒத்துக்கொண்டது. இது ஒரு பக்கம்.

மறுபக்கம் விஸ்கோவின் கூட்டமைப்பு வேறு வேலை செய்தது. ஆய்வுக்கு ஆள் சேராமல் இழுத்துக்கொண்டிருந்தது. சாகக் கிடக்கிறவள் கீமோவோடு புது மருந்துக்குப் பதிலாக மாதக்கணக்கில் வெறும் உப்புநீரை ஏற்றிக்கொள்ள ஏன் வருவாள்? நோயாளிகள் சொன்ன பிறகு ஆய்வின் வடிவத்தை மாற்றினார்கள், போலி மருந்தை நீக்கினார்கள். ஆட்கள் வந்தார்கள், ஆய்வு முடிந்தது, 1998 செப்டம்பரில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவதில் அந்த மருந்துக்குப் பங்கு இருக்கிறது. அந்த ஆய்வில் சேர்ந்த 469 பெண்களுக்கும்.

இப்போது கசப்பான கதை. 1980களின் கடைசியில், கீமோவை மிக உயர்ந்த அளவில் கொடுத்து, அதனால் அழிந்துபோகும் எலும்பு மஜ்ஜையை முன்பே எடுத்து வைத்திருந்து திரும்ப ஏற்றும் சிகிச்சை வந்தது. மருந்தை நிறையக் கொடுத்தால் புற்றணுக்கள் நிறையச் சாகும் என்ற தர்க்கம் கேட்க நன்றாகவே இருந்தது. நிரூபிக்கவில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. 1993ல் கலிபோர்னியாவில் ஒரு நோயாளியின் குடும்பத்துக்கு 8.9 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. அதன்பின் நிறுவனங்கள் இறங்கி வந்தன. மருத்துவமனைகளுக்கு நல்ல வருமானம். பெண்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். எல்லோருக்கும் கிடைக்கிறது என்றால், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கிப் பிரிக்கும் ஆய்வில், அந்தச் சிகிச்சை இல்லாத பக்கம் விழவும் தயாராக யார் சேர்வார்கள்? அதனால் விடை கிடைக்கவே பத்தாண்டு ஆனது. 1999 மே மாதம் ஐந்து ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாநாட்டில் வந்தன. நான்கில் பலன் இல்லை. பலன் இருப்பதாகச் சொன்ன ஒன்று தென் ஆப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடாவுடையது. மறு ஆண்டு அமெரிக்கக் குழு ஒன்று ஜோகன்னஸ்பர்க் போய்ப் பதிவேடுகளைப் பார்த்தபோது அது மோசடி என்று தெரிந்தது. இதற்குள் பல பெண்கள் நோயால் இல்லை, சிகிச்சையால் இறந்திருந்தார்கள். காப்பீட்டுக்காரர்கள் கஞ்சத்தனத்தால் சொன்னதாகவே இருக்கட்டும், 'நிரூபணம் எங்கே' என்ற கேள்வி சரியான கேள்வி. அதை நாம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

அந்தப் பாடம் 2011ல் உதவியது. அவாஸ்டின் என்ற மருந்துக்கு 2008ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு விரைவு அனுமதி கிடைத்திருந்தது. கட்டி வளர்வதைச் சில மாதம் தள்ளிப்போட்டது, ஆயுளைக் கூட்டியதாகக் காட்டவில்லை, ரத்தப்போக்கு, இதயக் கோளாறு போன்ற ஆபத்துகள் இருந்தன. அனுமதியைத் திரும்பப் பெறக் கூடாது என்று அதை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அழுது பேசினார்கள். விஸ்கோவின் கூட்டமைப்பும் இன்னும் சில நோயாளர் அமைப்புகளும் திரும்பப் பெறுங்கள் என்றன. நவம்பர் 2011ல் அனுமதி ரத்தானது. நோயாளிகள் ஒரே குரலில்தான் பேச வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்கேன் படம் நன்றாக இருப்பதும் நான் அதிக நாள் இருப்பதும் ஒன்றல்ல என்று சொல்ல அன்று நோயாளி தரப்பிலேயே ஆள் இருந்தது பெரிய விஷயம்.

மருந்து கண்டுபிடித்து என்ன? விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறதே.

ஹெர்செப்டின் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு குப்பி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓர் ஆண்டு. வீட்டை விற்றவர்களை எனக்குத் தெரியும். பாதியில் நிறுத்தியவர்களையும் தெரியும். 2012ல் நோயாளர்களும் பெண்கள் அமைப்புகளும் சட்ட வல்லுநர்களும் சேர்ந்து இதற்கென ஓர் இயக்கமே நடத்தினார்கள். கட்டாய உரிமம் கொடு, அதாவது காப்புரிமை இருந்தாலும் மற்ற நிறுவனங்களும் தயாரிக்க அனுமதி கொடு என்று அரசிடம் கேட்டார்கள். 2013ல் ஹெர்செப்டினை விற்ற ரோஷ் நிறுவனம் இந்தியாவில் தன் காப்புரிமையைத் தொடர்வதில்லை என்று விட்டுவிட்டது. 2014ல் பெங்களூரின் பயோகான் தன் மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் வேறு நிறுவனங்களும் வந்து விலை படிப்படியாக இறங்கியது. இந்த மருந்தின் மூலப் பெயர் டிராஸ்டுசுமாப். 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது சேர்ந்தது. உங்கள் சீட்டில் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும் மூலப் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலை விசாரிக்க அதுதான் உதவும்.

அடுத்த சண்டை ரைபோசிக்லிப் மாத்திரைக்கு. ஹார்மோன் வகைப் புற்று (உடம்பின் ஹார்மோனால் தூண்டப்பட்டு வளர்வது) பரவியவர்களுக்கு ஆயுளைக் கூட்டும் மருந்து இது. மாதச் செலவு 50,000 ரூபாய்க்கு மேல் என்று 2022ல் ஒரு நோயாளி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார். நீதிமன்றம் வழக்கை மூடாமல் தானாகவே எடுத்து நடத்தியது.

அக்டோபர் மாதம் பிங்க் ரிப்பன் குத்திக்கொள்கிறோமே, அதனால் பலன் உண்டா?

முதல் ரிப்பன் பிங்க் நிறமே இல்லை. 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற மூதாட்டி பீச் பழ நிறத்தில் ரிப்பன் செய்து, கூடவே ஒரு அட்டை வைத்துக் கொடுத்தார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பட்ஜெட்டில் 5 சதவீதம்தான் தடுப்புக்குப் போகிறது, ஆட்சியாளர்களை எழுப்ப இதை அணியுங்கள் என்று அதில் இருந்தது. 1992ல் ஒரு பத்திரிகையும் எஸ்டீ லாடர் அழகுசாதன நிறுவனமும் அவரைக் கேட்டன. வியாபாரமாகிவிடும் என்று மறுத்தார். நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். ரிப்பன் உலகம் சுற்றியது, அட்டையில் இருந்த கேள்வி காணாமல் போனது.

விழிப்புணர்வு வீண் என்று நான் சொல்லவில்லை. கட்டியை ஆறு மாதம் மறைத்து வைத்திருக்கும் அக்காமார் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2010ல் அமெரிக்காவில் பொரித்த கோழியைப் பிங்க் வாளியில் விற்று, வாளிக்கு 50 சென்ட் புற்றுநோய் அமைப்புக்குக் கொடுத்தார்கள். இதற்கு என்ன சொல்ல? பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன் என்ற நோயாளர் அமைப்பு 2002லேயே இதை எதிர்த்துப் பிரசாரம் தொடங்கிவிட்டது. அடுத்த முறை பிங்க் பொருள் வாங்கும்போது எவ்வளவு பணம், யாருக்கு, எதற்குப் போகிறது என்று கேளுங்கள். பதில் பொட்டலத்திலேயே இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

நான்காம் கட்டத்தில் இருப்பவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

உண்மை. 'ஆரம்பத்திலேயே கண்டால் குணம்' என்ற வாசகத்துக்கு அவர்கள் சங்கடம். மேடையில் ஏறி ஜெயித்தேன் என்று சொல்ல முடியாதவர்கள். ஆனால் இந்த நோயால் இறப்பவர்கள் பெரும்பாலும் நோய் வேறு உறுப்புக்குப் பரவியவர்கள்தான். மார்பகத்தோடு நின்றால் உயிருக்கு ஆபத்து இல்லை.

கணக்கிலும் இவர்கள் விடுபடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியப் பதிவேடு முதலில் நோய் கண்டபோது எந்தக் கட்டம் என்று எழுதும், பிறகு இறப்பை எழுதும். இரண்டாம் கட்டத்தில் சிகிச்சை முடித்து, ஏழு ஆண்டு கழித்து எலும்பில் திரும்பி வந்தால் அதற்கு அங்கே தனி வரி கிடையாது. எத்தனை பேர் இப்படி வாழ்கிறார்கள் என்று எண்ணாமல் அவர்களுக்கு எவ்வளவு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குவது? எங்களை எண்ணுங்கள் என்பதுதான் அங்குள்ள நான்காம் கட்ட நோயாளிகள் எழுப்பும் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று.

டிரையலில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ?

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் சட்டமும் இருக்கிறது. 2019ல் வந்த மருத்துவ ஆய்வு விதிகளின்படி, புரியும் மொழியில் விளக்கி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் விளக்கத் தாளிலேயே இருக்க வேண்டும்.

நடைமுறை வேறு மாதிரி இருக்கும். ஒரு மருத்துவமனையில், கீமோ நாற்காலியில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்ணிடம் பல பக்கத் தாளை நீட்டி, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து கேட்டதைப் பார்த்தேன். தமிழில்தான் இருந்தது, ஆனால் வக்கீல் நோட்டீஸ் தமிழ். 'வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டியவை: இதில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? கூடுதலாக எத்தனை ஸ்கேன், எத்தனை முறை வர வேண்டும், பஸ் செலவு யார் தருவார்கள்? மருந்து எனக்குப் பலன் தந்தால் ஆய்வு முடிந்த பிறகும் கிடைக்குமா? இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளை அரசின் சிடிஆர்ஐ பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண் கேளுங்கள். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

புற்றுநோய் ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் வழக்கமான சிகிச்சை, மறுபக்கம் அதோடு புதியது. வெறும் போலி மருந்தை மட்டும் கொடுத்து உட்கார வைப்பது, நல்ல சிகிச்சை இருக்கும் நோயில் நடக்கக் கூடாது. சில ஆய்வுகள் சிகிச்சையைக் குறைக்கவே நடக்கின்றன. 2018ல் முடிவு வந்த டெய்லர்எக்ஸ் ஆய்வில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். ஹார்மோன் வகை, நிணநீர் முடிச்சுக்குப் பரவாத புற்று. மரபணுச் சோதனையில் நடுத்தர மதிப்பெண் வந்தவர்களைக் கீமோ உண்டு, இல்லை என்று குலுக்கிப் பிரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கீமோ தேவையில்லை என்று தெரிந்தது. 'உங்களுக்குக் கீமோ வேண்டாம்மா' என்று இன்று டாக்டர் தைரியமாகச் சொல்வது, கீமோ இல்லாத பக்கம் விழச் சம்மதித்த அந்தப் பெண்களால்தான்.

இந்தியாவில் நமக்காக ஏதாவது ஆராய்ச்சி நடக்கிறதா?

நடக்கிறது, நல்லதாகவே. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு ஆய்வை வழிநடத்தியது. ஆபரேஷனில் கத்தி வைப்பதற்குச் சில நிமிடம் முன் கட்டியைச் சுற்றி லிடோகெயின் ஊசி போட்டார்கள். பல் பிடுங்கும்போது போடுவார்களே, அதே மரத்துப்போகும் மருந்து. 1,600 பெண்கள், 11 மருத்துவமனைகள். 2023ல் வெளியான முடிவில், ஐந்து ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90 சதவீதம், போடாதவர்களில் 86 சதவீதம். செலவு சுமார் 100 ரூபாய். இதில் லாபம் பார்க்க எந்தக் கம்பெனியும் வராது, ஆகவே இதை மற்ற நாடுகளில் சோதித்துப் பார்க்கவோ நம் மருத்துவமனைகளில் வழக்கமாக்கவோ யாரும் விளம்பரம் செய்யப்போவதில்லை. நோயாளிகள் கேட்டால்தான் உண்டு. ஆபரேஷனுக்கு முன் உங்கள் அறுவை மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

மும்பையிலேயே 1,50,000க்கு மேற்பட்ட பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்த இன்னொரு ஆய்வு. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதிப்பதுதான். 2021ல் வந்த முடிவில் 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. இளையவர்களிடம் அப்படித் தெரியவில்லை.

சென்னையைப் பொறுத்தவரை, 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சையோடு ஆராய்ச்சியும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வலியிலிருந்துதான் அந்த மருத்துவமனையே வந்தது. நாட்டின் முதல் புற்றுநோய்ப் பதிவேடுகளில் ஒன்று 1980களின் தொடக்கத்தில் சென்னைக்குக் கிடைத்ததும் அங்கேதான்.

சிகிச்சை நடுவில் குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாமல் கேட்ட பெண்களால்தான் இதற்கு ஆய்வே நடந்தது. ஹார்மோன் மாத்திரையை 5 முதல் 10 ஆண்டு போட வேண்டும், அதற்குள் வயதாகிவிடும். பாசிட்டிவ் என்ற ஆய்வில் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மாத்திரை போட்ட பின், குழந்தைக்காக இரண்டு ஆண்டு வரை நிறுத்திப் பார்த்தார்கள். 2023ல் வந்த முடிவில் மூன்றாண்டுக்குள் நோய் திரும்புவது நிறுத்தாதவர்களைவிட அதிகமாகவில்லை. நீண்ட காலக் கணக்கு அந்த முடிவில் இல்லை. கீமோ தொடங்கும் முன்பே கருமுட்டையைச் சேமிப்பது பற்றிக் கேட்டுவிடுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

'ஆராய்ச்சி நிரூபித்தது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை எப்படி நம்புவது?

முதலில் எலியிலா மனிதரிலா என்று பாருங்கள். சோதனைக் குழாயில் மஞ்சளும் கொல்லும், பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கொல்லும். அடுத்து, 'பாதியாகக் குறைத்தது' என்றால் எதில் பாதி? 100 பேரில் 40 என்பது 20 ஆவதும் பாதிதான், 2 என்பது 1 ஆவதும் பாதிதான். எண்ணிக்கையைச் சொல்லாமல் சதவீதம் மட்டும் சொன்னால் எதையோ விற்கிறார்கள். மூன்றாவது, ஒப்பிடப்பட்டவர்கள் யார்? அந்தக் கஷாயம் குடித்துப் பிழைத்தவர் கூடவே ஆபரேஷனும் செய்துகொண்டிருப்பார், அதை மட்டும் சொல்லமாட்டார்.

வெளியே தெரிந்தால் மகள் கல்யாணம் தடைப்படும் என்கிறார்கள். நான் எப்படிக் குரல் கொடுப்பது?

மேடை ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. பிஆர்சிஏ போன்ற மரபணுக் கோளாறால் வருவது பத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்று சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிப் பார்க்கலாம், கேட்பார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன்.

பெயர் வெளியே வராமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பக்கவிளைவுகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொரு முறையும் டாக்டர் மேசையில் வையுங்கள். மருந்தால் மோசமான விளைவு வந்தால் நோயாளியே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் புகார் அனுப்பலாம். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் படிவம் இருக்கிறது, நோயாளி விவரத்தை ரகசியமாக வைப்பார்கள். உங்கள் பயாப்ஸித் திசுவை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டால், பெயர் நீக்கித்தான் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தைரியம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. மருத்துவ ஆய்வு நடக்கும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அந்த நாற்காலியில் ஓய்வுபெற்ற அதிகாரியோ பள்ளி முதல்வரோ உட்கார்ந்திருப்பார். சிகிச்சை முடித்த நோயாளி ஒருவரை ஏன் போடக்கூடாது என்று அந்தக் குழுவின் செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். தொடர்பு விவரம் ஆய்வின் விளக்கத் தாளில் இருக்கும்.